அலுமினியத் தட்டுச் சங்கம்

சங்கம் ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே சங்கத்துக்குப் பேரு வைக்கிறதுல மூணா உடைஞ்சிட்டீகளாமே, பேராண்டி? நல்ல சகுனம்தான். தமிழன் மூணு சங்கம் வச்சு, அது பத்தாம 1901-ல பாண்டித்துரைத் தேவர் மதுரையில நாலாவதும் வச்சாரு. நீங்க ஒரு பள்ளிக்கூடத்துக்கே மூணு வைக்கப் போறீக. வம்சம் வளருது.

ஒரு கோஷ்டி ‘அலும்னி மீட்’னு ஃப்ளெக்ஸ் அடிக்கணும்ங்குது. ஒரு கோஷ்டி ‘முன்னாள் மாணவர் பேரவை’ன்னு ஒத்தக் கால்ல நிக்குது. உன் சேக்காளி ஒருத்தன், தமிழ் எம்.ஏ. முடிச்சிட்டு வேலைக்கு அலையுறானே, அவன் இதுவரைக்கும் எவன் வாயிலயும் வராத புதுச்சொல்லு ஒண்ணைப் பிரசவிக்கணும்னு ராத்திரி முழுக்க முனகிக்கிட்டுக் கிடக்கானாம். சரி, கிழவன் சும்மாதான இருக்கான், கேட்டு வைப்போம்னு நீயும் வந்துட்ட. கேக்க வந்தவன் போனை உள்ள வையி. நான் சொல்றது அதுல வராது.

மொதல்ல இந்த ‘முன்னாள்’. முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.எல்.ஏ., முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். இவுகல்லாம் யாரு? நாற்காலி போனவுக. எங்க காலத்துப் பேப்பர்ல ‘மாஜி மந்திரி’ன்னு போடுவான். மாஜிங்கிறது அரபியில பொறந்து உருது வழியா நம்ம தெருவுக்கு வந்த சொல்லு. கழிஞ்சு போனதுன்னு அர்த்தம். நீ மாணவன்ங்கிற பதவிய எந்த எலெக்‌ஷன்ல தோத்த? டெபாசிட் போச்சா, வந்துச்சா? அப்படியே முன்னாள்னு போட்டுக்கிட்டாலும், அடுத்த தடவை நின்னு ஜெயிக்கவா முடியும்? மறுபடியும் மூணாப்புல உக்கார வச்சா நீ தாங்குவியா, இல்ல அந்த டீச்சரம்மாதான் தாங்குவாகளா?

‘பழைய மாணவர்’னு வைக்கலாமான்னு கேப்ப. இலங்கையில அப்படித்தான் வழக்கு. எங்க சின்னையா கொழும்புல பலசரக்குக் கடை வச்சிருந்தாரு, அவரு சொல்லிக் கேட்டது. பழைய மாணவர் சங்கம், பழைய மாணவிகள் சங்கம்னு யாழ்ப்பாணத்துல பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் உண்டு. லண்டன்ல கிளை, டொராண்டோவுல கிளை. நம்ம ஊருக் காதுக்குப் ‘பழைய’ன்னதும் சோறும் இரும்பும் பேப்பரும்தான் ஞாபகம் வரும். அங்க அது கௌரவம். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904-ல ஆரம்பிச்ச கிரிக்கெட்டுக்கு ‘வடக்கின் பெரும் சமர்’னு பேரு. அந்த மேட்ச் வந்துட்டா எழுபது வயசுப் பழைய மாணவனும் கொடியத் தூக்கிக்கிட்டுக் கத்துவானாம். இங்கிலீஷ்காரன் விட்டுட்டுப் போன ‘ஓல்ட் பாய்ஸ்’தான் அங்க பழைய மாணவர் ஆச்சு. கிழட்டுப் பையன்க! வெள்ளைக்காரன் நையாண்டியாத்தான் வச்சானோ, நெசமாத்தான் வச்சானோ, வழுக்கைத் தலையும் தொந்தியுமா வந்து நிக்கிறவனப் பாத்து இதைவிடப் பொருத்தமா ஒரு பேரு யாரால வைக்க முடியும்?

அந்த ஓல்ட் பாயை ஜப்பான்காரன் வாங்கிட்டுப் போயி ‘ஓபி’ன்னு சுருக்கி வச்சிருக்கான். ஓல்ட் கேர்ளுக்கு ‘ஓஜி’. திருப்பெரும்புதூர் பக்கம் கம்பெனியில வேலை பாக்குற நம்ம பேத்தி சொன்னா. ஜப்பான்ல காலேஜ் முடிக்கப் போறவன், தான் சேர ஆசைப்படுற கம்பெனியில ஏற்கெனவே வேலை பாக்குற தன் காலேஜு ஓபியத் தேடிப் போயி விசாரிக்கிறது ஒரு சடங்காவே இருக்காம். நம்ம ஊருல ஓபி அடிக்கிறவன்னா யாருன்னு உனக்கு நான் சொல்லணுமா? உங்க கமிட்டியில எனக்குத் தெரிஞ்சே ஆறு ஓபி இருக்கு. ஜப்பான் கணக்குலயும் ஓபி, நம்ம கணக்குலயும் ஓபி.

பெரிய பள்ளிக்கூடத்துக்காரன் இந்தப் பொதுப்பேரையெல்லாம் தொட மாட்டான். இங்கிலாந்துல வின்செஸ்டர்னு ஒரு பள்ளிக்கூடம், 1382-ல வில்லியம் ஆஃப் விக்கம்னு ஒரு பிஷப் ஏற்படுத்துனது. அங்க படிச்சவன் பள்ளிக்கூடத்துப் பேரைக்கூடச் சொல்றதில்ல. ஏற்படுத்துனவரு பேரைச் சொல்லி ‘விக்கமிஸ்ட்’ம்பான். ஏலே, நாமளும் நம்ம பள்ளிக்கூடத்தைக் கட்டுன காண்ட்ராக்டர் பேரைச் சொல்லிக்கிடலாமா? மழை பேஞ்சா அந்தாளு பேரை ஊரே சொல்லுது. ஆனா அது சபையில சொல்ற மாதிரி இருக்காது.

இதைப் பாத்துட்டு டெல்லியில ஸ்டீஃபன்ஸ் காலேஜுல படிச்சவன் ஸ்டீஃபேனியன் ஆனான். ஐஐடியில படிச்சவன் ஐஐடியன் ஆனான். வாலு ஒட்டுனா ஆளு பெரிய ஆளு. உன் சேக்காளிகிட்டச் சொல்லு, அந்த வாலு நமக்கும் ஒட்டும்னு. நம்ம பள்ளிக்கூடம் பத்தாப்பு வரைக்கும் வளர்றதுக்கு முந்தி போர்டுல என்ன எழுதியிருந்துச்சு? ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அப்ப நீ ‘ஒன்றியன்’. இங்கிலீஷ்ல ‘யூனியனைட்’. மெட்ராஸ்ல போயி கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கும்போது “பையன் யூனியனைட்”னு சொல்லிப் பாரு. மாமனாரு சிவப்புக் கொடியத் தேடுவாரு.

இப்ப உங்க பெரிய சண்டைக்கு வாரேன். அலும்னி.

போன வருசம் இந்தச் சொல்லைக் கேட்டப்ப நான் அலுமினின்னுதான் நினைச்சேன். பரவாயில்லையே, பயலுக அலுமினியத் தட்டுக்குச் சங்கம் வைக்கிறான்களேன்னு மனசு குளுந்து போச்சு. அந்தத் தட்டு உனக்குத் தெரியாது. எட்டயபுரத்துல காமராசரு மத்தியானச் சாப்பாட்ட ஆரம்பிச்சு வச்சது 1956. அடுத்தாப்ல நம்ம ஊருக்கும் வந்துருச்சு. பை ஒண்ணும் கிடையாது. கக்கத்துல சிலேட்டு, கையில தட்டு. வாத்தியாரு கரும்பலகையில எழுதிக்கிட்டு இருக்கும்போது, பின்னால சோறு வேகுற வாசம் வந்துட்டா பாடம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். மணியெல்லாம் அப்புறம்தான். வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி, கவர்மெண்டுப் பணத்தையும் சேத்துப் போட்டு வெந்த சோறு. என் தம்பி படிக்கும்போது அமெரிக்காக்காரன் பால்பவுடரும் வந்துச்சு. உங்க அப்பன் காலத்துல, 1982-ல, எம்.ஜி.ஆரு அதையே பெருசாக்கிச் சத்துணவுன்னாரு. 1989-ல கலைஞரு முட்டை வச்சாரு. 2022-ல காலைச் சாப்பாடும் வந்தாச்சு. கட்சி மாறுனாலும் தட்டு மாறல பாரு.

அலுமினி இல்ல தாத்தா, அலும்னின்னு நீ திருத்துன. சரி, அது என்ன எழவுன்னு காமநாயக்கன்பட்டிப் பக்கம் போனப்ப ஒரு சாமியார்கிட்டக் கேட்டேன். சின்ன வயசுல நம்ம பக்கத்து மாதா கோயில்ல பூசையே லத்தீன்லதான் நடக்கும். ஒண்ணும் விளங்காது, ஆனா கேக்க நல்லா இருக்கும். அவுகளுக்குத் தெரியாத லத்தீனா? அந்தச் சாமியாரு சிரிச்சிட்டாரு. “பெரியவரே, அலும்னஸ்ங்கிறது ‘அலெரே’ங்கிற சொல்லுல இருந்து வருது. ஊட்டி வளக்குறதுன்னு அர்த்தம். அலும்னஸ்னா சோறு போட்டு வளத்த பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை. பள்ளிக்கூடத்துல படிச்சவன்ங்கிற பொருளெல்லாம் பின்னாடி ஏறுனது”ன்னாரு.

எப்படி இருக்கு! காது தப்பாக் கேட்டாலும் வயிறு சரியாத்தான் கேட்டிருக்கு. அலுமினியத்துக்கும் அலும்னிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அலுமினியம் படிகாரத்துக்கு லத்தீன்ல இருந்த பேருல இருந்து வந்தது. இது வேற வேரு, அது வேற வேரு. ஆனா ரெண்டும் வந்து சேந்த இடம் நம்ம பள்ளிக்கூடத்துச் சமையக்கொட்டகை. இதுல ஒரு கூத்து என்னன்னா, அமெரிக்காக்காரனுக்கு ஆம்பளைன்னா அலும்னஸ், பொம்பளைன்னா அலும்னா, ரெண்டு பேரும் சேந்தா அலும்னி, பொம்பளைக மட்டும்னா அலும்னேன்னு நாலு உருப்படி ஞாபகம் வச்சுக்க முடியல. எல்லாத்தையும் வெட்டி ‘அலம்’னு ஆக்கிட்டான். எழுதிப் பாத்தா படிகாரத்துக்கும் அதே இங்கிலீஷ் எழுத்துத்தான். படிச்சவனையும் படிகாரத்தையும் ஒரே டப்பாவுல போட்டுட்டான். படிகாரமாவது கலங்குன தண்ணியத் தெளிய வைக்கும். நீங்க கூடுன இடம் தெளிஞ்சதா நான் பாத்ததில்ல.

அப்ப ஞாயத்தைச் சொல்லு. அலும்னின்னு போர்டு போட்டுக்கிட யாருக்கு உரிமை? வருசத்துக்கு ஒரு லட்சம் ஃபீஸ் கட்டி, வீட்டுல இருந்து டப்பாவுல நூடுல்ஸு கொண்டுக்கிட்டுப் போனவனுக்கா? அவனுக்குப் பள்ளிக்கூடம் பருக்கை சோறு போடலையே! அவன் வாடிக்கைக்காரன். பள்ளிக்கூடத்துல உக்காந்து சாப்பிட்டவன்தான் அசல் அலும்னஸ். கான்வென்ட்டுக்காரன் நம்மகிட்ட இருந்து சொல்லைக் கடன் வாங்கி வச்சிருக்கான், அவனுக்கே தெரியாம.

அந்தச் சாமியாரு இன்னொண்ணும் சொன்னாரு. படிச்ச பள்ளிக்கூடத்தை ‘ஆல்மா மேட்டர்’னு சொல்லுவாகளாம். மேட்டருன்னதும் நான் சுத்தும் முத்தும் பாத்தேன், கோயில் வளாகம். அவரு புரிஞ்சுக்கிட்டு, “மேட்டர்னா லத்தீன்ல தாயி”ன்னாரு. ஆல்மாவும் அதே வேருதானாம். அமுது ஊட்டுற தாயி. ரோமாபுரிக்காரன் தானியத்துக்கு அதிபதியான சீரஸ் அம்மனுக்கு அந்த அடைமொழியச் சொல்லுவானாம். இத்தாலியில பொலோன்யாங்கிற ஊருல, 1088-ல தொடங்குச்சுன்னு சொல்ற பல்கலைக்கழகம் அதைத் தன் பேராவே வச்சிருக்கு. இப்ப உன் அழைப்பிதழை எடு. மேடையில யாரு யாரு? மாவட்டக் கல்வி அலுவலரு, ஒன்றியச் செயலாளரு, ரெண்டு ஹெட்மாஸ்டரு, பொன்னாடை ஸ்பான்சரு. சரி. முப்பது வருசமா உங்களுக்கெல்லாம் கரண்டி பிடிச்ச ஆயா எங்க? அவுக இருக்காகளா, இல்லையான்னாவது கமிட்டியில எவனும் விசாரிச்சானா? ஆல்மா மேட்டரை அடுப்படியில விட்டுட்டு அலும்னி மீட் நடத்துறீக. மேடையில ஒரு நாற்காலி கூடப் போடு. பொன்னாடை வேண்டாம், சேலை வாங்கிக் குடு. உங்க பொன்னாடைய வச்சு அவுக என்ன, சன்னலுக்கா மாட்டுவாக?

சன்னல்னதும் ஞாபகம் வருது. கொரியாக்காரன் கூடப் படிச்சவனை ‘தோங்சாங்’னு சொல்லுவானாம். ஒரே சன்னல்காரன்னு அர்த்தம்னு பேத்தி சொன்னா. சீனாக்காரன்கிட்டயும் அதே சன்னல்தான். ஒரே சன்னல் வழியா வெளிய பாத்தவங்கன்னு வச்சுக்கயேன். நல்ல சொல்லுதான், குறை சொல்லல. ஆனா நம்ம பழைய பள்ளிக்கூடத்துக்குச் சன்னல் வைக்கணும்னா மொதல்ல செவுரு வச்சிருக்கணும்.

நீங்க நொடிக்கு நூறு தடவை ‘எங்க பேட்ச், எங்க பேட்ச்’ம்பீக. ‘96’ படம் வந்த பெறவு அது கூடிப்போச்சு. ஆளாளுக்கு ஒரு ஜானு இருந்த மாதிரியும், மழையில பாட்டுப் பாடுன மாதிரியும். மானாவாரி ஊருல ஏதுடா அம்புட்டு மழை? பேட்ச்ங்கிறது என்ன தெரியுமா? வெள்ளைக்காரன் ரொட்டி சுடுறதுல இருந்து வந்தது. அடுப்புல ஒரு தடவை உள்ள தள்ளி வெளிய எடுக்குறது ஒரு பேட்ச். நம்ம பாட்டி இட்லி அவிக்கும்போது என்ன சொல்லுவா? ‘மொத ஈடு எறக்கியாச்சு, ரெண்டாவது ஈடு வச்சாச்சு.’ ஆக, நீ 2008-ஆம் வருசத்து ஈடு. சிலது நல்லா உப்பி வந்திருக்கு, சிலது துணியோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னு நிக்குது. வாட்ஸ்அப் குரூப்புக்குப் ‘2008 ஈடு’ன்னு பேரு வையி. எவனாவது ஈடு இணையில்லாதவங்கன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டா, எடுத்துக்கிடட்டும்.

புதுச்சொல்லுக்கு அலையுற எம்.ஏ.காரனுக்கு ஒரு சேதி. புதுசா ஒண்ணும் பிடுங்க வேண்டாம், பழசுலயே இருக்கு. எட்டயபுரத்துல எனக்குப் பழக்கமான தமிழய்யா ஒருத்தரு, இப்ப இல்ல, அவரு சொல்லுவாரு: ஒரு ஆசிரியர்கிட்டக் கூடப் படிச்சவனை ‘ஒருசாலை மாணாக்கன்’ம்பாக. தொல்காப்பியருக்குப் பனம்பாரனாரு அப்படித்தான். அதனாலதான் அவரு நூலுக்குப் பாயிரம் எழுதுனாரு. கூடப் படிச்சவன் புகழ்ந்து எழுதுற வழக்கம் வாட்ஸ்அப்புக்கு முந்தியே உண்டு. இதை நான் உன் சேக்காளிகிட்டச் சொன்னேன். “ஒருசாலைன்னா ஒரே ரோடா தாத்தா? பைபாஸா, உள்ரோடா?”ன்னு கேக்கான். எம்.ஏ.!

சாலைன்னா அந்தக் காலத்துல பள்ளிக்கூடம், அதுவும் சோறு போடுற பள்ளிக்கூடம். நாகர்கோவிலுக்கு மேக்க பார்த்திவசேகரபுரத்துல ஆய் ராசா கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டுல ஒரு சாலை வச்சான். செப்பேடு இருக்கு. தொண்ணூத்தஞ்சு சட்டருக்கு இடம். சட்டர்னா மாணாக்கர். நம்ம சட்டாம்பிள்ளைக்கும் அவுகளுக்கும் சொந்தம் உண்டும்பாரு தமிழய்யா. எண்ணாயிரம்னு விழுப்புரம் பக்கத்துல ஒரு ஊரு. அங்க ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுல 340 மாணாக்கர் கணக்கு வெட்டியிருக்கு. சின்னப் படிப்பு படிக்கிற 270 பேருக்குத் தலைக்கு தினம் 6 நாழி நெல்லு. மேல்படிப்பு 70 பேருக்கு அதைவிடக் கூட. பாத்தியா, கல்லுல வெட்டும்போதும் அவன் மார்க்கை வெட்டல, நெல்லைத்தான் வெட்டியிருக்கான். எந்தப் பாடத்துல எவன் முதல் வந்தான், எவன் கோட்டை விட்டான்னு ஒரு வரி கிடையாது. அந்த வரிசையில நம்ம பாட்டன் இருந்தானான்னு மட்டும் கேக்காத. வேதம் படிச்ச வரிசையில அவனை விட்டிருக்க மாட்டாக. நெல்லு விளைய வச்ச வரிசையில இருந்திருப்பான். அதுக்குக் கல்வெட்டு இல்ல.

இப்ப மெயின் விசயம். உன் லிஸ்ட்ட நான் பாத்தேன். ‘பாஸ் அவுட் ஆன வருசம்’னு ஒரு கட்டம் போட்டிருக்க. பாஸுன்னா பாஸு, அவுட்னா அவுட். ரெண்டும் ஒருத்தனுக்கே எப்படி? பட்டாளத்துல பயிற்சி முடிஞ்சு அணிவகுத்து வெளிய போறதுக்கு வெள்ளைக்காரன் வச்ச பேரு அது. நீ பத்தாப்பு முடிச்சு வெளிய வந்தப்ப அணிவகுப்பா நடந்துச்சு? சைக்கிள் டயர்ல காத்து இல்லாம உருட்டிக்கிட்டு வந்த. சரி, அது கிடக்கட்டும். அந்தக் கட்டத்துல எழுத வருசம் இல்லாதவன் என்ன செய்வான்? ஏழாப்புல நின்னு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவ? எட்டாப்புல நின்னு லாரியில கிளீனராப் போனவன்? அவங்களுக்குக் கவர்மெண்டுல ஒரு பேரு இருக்கு: ‘இடைநின்றவர்’. ஏதோ பஸ்ஸு வழியில நின்னு போன மாதிரி. நின்னது அவங்களா, பஸ்ஸான்னு எவனும் கேக்குறதில்ல. இங்கிலீஷ் அகராதியில அலும்னஸுக்குப் படிச்சு முடிச்சவன்னும் இருக்கு, படிச்சிட்டுப் போனவன்னும் இருக்கு. லத்தீன்காரன் அதுவும் கேக்கல. சாப்பிட்டானா, வளந்தானா, அம்புட்டுத்தான். உன் லிஸ்ட்டுதான் லத்தீனைவிடக் கண்டிப்பா இருக்கு. அந்தத் தீப்பெட்டி ஆபீஸுக்காரி வந்தா உங்கள்ல நாலு பேரைப் பேரு சொல்லியே கூப்பிடுவா. அவளுக்கு எல்லாரு பட்டப்பேரும் ஞாபகம் இருக்கும். அதான் பயமோ?

எங்க அய்யா பள்ளிக்கூடத்து வாசலை மழைக்கு ஒதுங்கக்கூட மிதிச்சதில்ல. 1950கள் கடைசியில பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை டைரக்டரா இருந்தப்ப ஊரு ஊரா நடத்துனாக. சனங்க தங்களால ஆனதைக் குடுப்பாக. ஒருத்தன் பெஞ்சு, ஒருத்தன் கடிகாரம், ஒருத்தன் குடம். எங்க அய்யா பருத்தி வித்த காசுல ஒரு வெங்கல மணி வாங்கிக் குடுத்தாரு. நீ பத்து வருசம் எந்தச் சத்தத்தைக் கேட்டு வீட்டுக்கு ஓடியாந்தியோ, அது அவருது. அவருக்கு என்ன பேரு வைப்ப? முன்னாளும் இல்ல, பழையவனும் இல்ல, ஓல்ட் பாயும் இல்ல. இப்ப ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ன்னு 2022 டிசம்பர்ல ஆரம்பிச்சு, வெளிநாட்டுல இருக்கவனும் போன்லயே பணம் அனுப்பலாம்னு வச்சிருக்காக. நல்ல காரியம். அனுப்புறவனை அனுப்பச் சொல்லு. ஆனா ஃபேன் றெக்கையில பேரு எழுதாதீகடா. சுத்தும்போது படிக்க முடியாது, நின்னா எல்லாரும் உன்னைத்தான் திட்டுவாக.

பேரு விசயத்துல என் தீர்ப்பு இதுதான். முன்னாள் கோஷ்டி வெளிய இருக்க போர்டை எழுதட்டும். அலும்னி கோஷ்டி ரசீது புக்கை அடிக்கட்டும். காசு வாங்குற சொல்லு இங்கிலீஷ்ல இருந்தா வேகமா வரும். ஒருசாலை மாணாக்கர்ங்கிறதை எம்.ஏ.காரன் வரவேற்புரையில சொல்லட்டும், ரோடு எதுன்னு மட்டும் கேக்காம. பிரியாணிக்குக் குடுத்த அட்வான்ஸை அப்படியே வாங்கிட்டு வா. சாம்பார் சாதம், அலுமினியத் தட்டுல, தரையில வரிசையா. தொந்தி இருக்கவனுக்கு மட்டும் பெஞ்சு.

கடைசியா என் கணக்கு. தலைக்கு 1,000 ரூவா நன்கொடைன்னு போட்டிருக்க. அது பத்தாப்பு வரைக்கும் படிச்சவன் ரேட்டு. நான் அஞ்சாப்புல நின்னவன், எனக்கு 500. மூணாப்புல ரெண்டு வருசம் இருந்தீகளே தாத்தா, அதுக்கு நூறு ரூவா கூட வருமேன்னு கேக்க வாயைத் தொறக்காத. எங்க அய்யா குடுத்த மணிக்கு இத்தனை வருச வாடகை பாக்கி நிக்குது. அதுல கழிச்சது போக மிச்சத்தை நீ எனக்குக் குடு. ரசீது எந்தச் சங்கத்துப் பேருல வேணா இருக்கட்டும்.